புளி போட்டுக் கழுவிய பெட்ரோல் டேங்க்

நம் வயதுக்காரர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் முழங்கால் வலியில்தான் போய் முடிப்போம். இன்று ஒரு நாள் முழங்காலை விட்டுவிடுங்கள். தைலம், மாத்திரை, காலை நடை எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நான் ஒரு காரின் பெட்ரோல் டேங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம். சொல்லும்போது நான் அழுவேன் என்று கைக்குட்டையோடு உட்காராதீர்கள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, இப்போதும் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று யோசிப்பதையும் எப்போதோ விட்டுவிட்டேன்.

போன மாதம் தம்பி போன் செய்தான். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதிலிருந்து அவன் கைக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை. ஜமுனாமரத்தூர் வீட்டின் பின்கொட்டகையில் நைனாவின் பழைய பிளசர் கார் கிடக்கிறது. அதன் மேலிருந்த தார்ப்பாயை உருவிவிட்டானாம்.

"இன்ஜினை அப்பறம் பாத்துக்கலாம்க்கா. மொதல்ல பெட்ரோல் போற வழிய சுத்தம் பண்ணணும். டேங்க், பைப்பு, பம்பு, கார்பரேட்டர். எல்லாம் வூட்லயே பண்ணிடலாம்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். நீ வா. சித்தியையும் இட்டுகினு வா."

நைனா என்றால் எங்கள் அப்பா. சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. எண்பது வயது. பிள்ளைகள் இல்லை. சித்தப்பா போன பிறகு திருப்பத்தூரில் என்னோடுதான் இருக்கிறாள். தம்பிக்கு அந்தக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சித்தியைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் நின்றுவிட்டது, குழந்தை போய்விட்டது, செங்கத்து மெக்கானிக் பம்பைச் சரியாக மாட்டாததுதான் காரணம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். நைனாவுக்கும் எனக்கும் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நைனா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. ஆகவே எனக்கு மட்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு மூன்று. நைனா ஒரு கூப்பு காண்டிராக்டருக்கு டிரைவராக மலையேறி வந்தவர். காட்டில் மரம் வெட்டும் காண்டிராக்ட் முடிந்ததும் காண்டிராக்டர் இறங்கிப் போனார். போகும்போது காரை நைனாவிடம் விட்டுவிட்டு, "ஓடினா ஓட்டிக்கோ, ஓடலன்னா கோழி அடைச்சுக்கோ" என்று சொன்னாராம். நைனா புளி லாரி ஓட்டப் போய்விட்டார். கார் ஓடவில்லை. கோழிகள்தான் ஐந்து வருஷம் அதில் குடியிருந்தன. பின் சீட்டில் முட்டை எடுக்கப் போவது என் வேலை. தோலும் கோழி எச்சமும் கலந்து சூடேறிய அந்த வாசனையை இப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

முந்தின வருஷம் சித்திக்கு முதல் பிரசவம். மலை மேல் பிரசவம் பார்க்க அப்போது டாக்டர் இல்லை. நாளுக்கு ஒரு பஸ், விடிந்ததும் இறங்கிப் போனால் பொழுது சாயத்தான் ஏறி வரும். அதைத் தவறவிட்டால் டோலிதான். கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். சித்தியை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். விஷயம் கடிதத்தில் போய், பதிலும் கடிதத்தில் வந்தது. அதன் பிறகு சித்தி சிரித்து நான் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்கா வீடுதான் பிறந்த வீடு. அவள் பையை வைத்த அன்றைக்கே நைனா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"இந்தத் தபா அவ டோலில போவ மாட்டா. கார்ல போவா."

"எந்தக் கார்ல? கோழி கூவுதே, அதுலயா?" என்றாள் அம்மா.

மறுநாள் கோழிகளைக் காலி செய்தார். அவை இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து எங்களைத் திட்டின.

மாசி மாதம். மலையில் எந்த வாசலைப் பார்த்தாலும் புளி. உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, பாயில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். எங்கள் வாசலில் புளிப் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய். அதில் காரின் சாமான்கள். நைனா டேங்கைக் கழற்றி இறக்கினார். மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன பெட்ரோலின் நாற்றம் தெருவையே அடைத்தது. கவிழ்த்தபோது தேன்பாகு மாதிரி ஏதோ கொஞ்சம் வடிந்தது. அப்புறம் துருதான், செதில் செதிலாக.

சந்தை நாளன்று செங்கத்திலிருந்து மெக்கானிக் வந்தார். மலையில் ஓடும் நாலைந்து ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் அவர்தான் வைத்தியர். ஒல்லியான ஆள், தகரப் பெட்டி, தோளில் ஒரு கட்டு வேஸ்ட் பஞ்சு. அதிகம் பேசமாட்டார். செய்தித்தாளை விரித்து பம்பையும் கார்பரேட்டரையும் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. பெட்ரோலில் வரும் கசடு அதில்தான் வந்து தங்குமாம். துடைத்து என் கையில் கொடுத்தார்.

"இத்த ஒடைச்சா மெட்ராஸுக்குத்தான் போவணும் கண்ணு. பத்திரம்."

நான் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்த பொருள்களில் அதைவிட அழகானது எதுவும் இல்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. அது இப்போதும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பம்பின் கிழிந்த ரப்பர் தகட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார். பெட்ரோல் பீச்சும் ஜெட் ஒன்றை வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ஊதினார். ஊசிக் காது அளவுதான் அதில் ஓட்டை. டேங்குக்கு மட்டும் அவர் வேலை சொல்லிவிட்டுப் போனார். கிரசின் ஊற்றி, பொடி ஜல்லி போட்டு, நாளுக்கு இரண்டு வேளை குலுக்க வேண்டும். அடுத்த சந்தைக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

குலுக்க வந்தவர்கள் பக்கத்துக் கொல்லைக்கார அண்ணன் தம்பி. சாமையும் புளியுமாக வாழ்கிற மலைக் குடும்பம். முதல் முறை சித்தியின் டோலிக்கு முன்னால் தோள் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அது அவர்கள் மனதில் இருந்தது. கூப்பிடாமலே வந்தார்கள், குலுக்கினார்கள், போனார்கள். இரண்டு நாள் குலுக்கியும் நைனா முகக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து டேங்குக்குள் அடித்துப் பார்த்தால், மூலைகளில் துரு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் புளிப் பாயில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சித்தி வாயைத் திறந்தாள்.

"மாமா, பித்தளக் கொடம் எத்தினி பச்ச புடிச்சிருந்தாலும் புளியும் உப்பும் போட்டா பளபளன்னு ஆவுதே. இரும்பு ஆவாதா?"

நைனா சிரித்தார். சித்தி விடவில்லை. எரவாணத்தில் செருகியிருந்த துருப்பிடித்த அரிவாளை எடுத்துவந்து, புளியும் உப்பும் கரைத்த சட்டியில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டாள். காலையில் எடுத்துத் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு. அரிவாள் புதுசு மாதிரி இருந்தது. அதை எங்கள் எல்லாரிடமும் ஒவ்வொருவராகக் காட்டினாள். அண்ணன் தம்பி இருவரையும் வேலி வரை போய்க் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டும்போது சிரித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அம்மா அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகென்ன, பெரிய அண்டாவில் புளி கரைந்தது. மலையில் புளிக்கா பஞ்சம்? உப்பு கல் கல்லாகக் கொட்டினாள். டேங்க் நிறைய ஊற்றி, மூடியை இறுக்கி, மூன்று நாள். நாலாம் நாள் கவிழ்த்தபோது கறுப்பாக, ரசம் பொங்கின மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. கிணற்றுத் தண்ணீரால் இரண்டு முறை அலசினார்கள். நைனா கண்ணாடி வெளிச்சத்தை அடித்தார். உள்ளே வெள்ளிக் குடம்.

"கைராசிடா இவளுக்கு" என்று நைனா தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னார். மெக்கானிக் வரும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. அரை நாள் வெயிலில் வைத்துவிட்டு டேங்கை மாட்டி, லாரியில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றி, கிளப்பிவிட்டார். ஐந்து வருஷம் கூவாத கார் கூவியது. சந்தைத் திடலைச் சுற்றி மூன்று வட்டம். சித்தி முன் சீட்டில். கோழிகள் மட்டும்தான் சந்தோஷப்படவில்லை.

அடுத்த சந்தைக்கு மெக்கானிக் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சித்தி உள்ளே படுத்திருந்தாள். காருக்குப் பக்கத்தில் நைனாவும் நானும் மட்டும் நின்றோம்.

"புளியாங்க?"

"ஆமா மேஸ்திரி. மச்சினிச்சி வேல. எப்டி கீது பாத்தியா, பளபளன்னு!"

"உப்பு போட்டீங்களா?"

"போடாம எப்டி?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உப்பு போட்டிருக்கக் கூடாதுங்க. புளி தின்ன இரும்பு பச்ச ரணம். ஒடனே சோடா மாவு கரைச்சு ஊத்தி அலசணும். ஈரம் நிக்காம அனல்ல காய வெக்கணும். காஞ்ச சூட்டோட எண்ணெய சுத்தி வுடணும். இல்லன்னா போன துரு பத்து மடங்கா வரும். எறக்குங்க, இப்பவே பண்ணிடலாம்."

நைனா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். டேங்கை மறுபடி இறக்கினால் சித்தி ஏன் என்று கேட்பாள். உன் புளிதான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

"ஊரு பூரா சொல்லிட்டேன் மேஸ்திரி. இப்பதான் அந்தப் பொண்ணு மொகத்துல கொஞ்சம் உசுரு வந்துக்கீது. புள்ள பொறக்கட்டும், அப்பறம் எறக்கிக்கலாம். இன்னும் ஒரு மாசம்தானே?"

"அப்ப தெனம் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தையாச்சும் பாருங்க. செவப்பு தெரிஞ்சா ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் ஒரு ஜீப்பைப் பார்க்கப் போனார். நைனா என் தலையில் கைவைத்து, "அது உன் வேல" என்றார்.

நைனா மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெண்ணின் சிரிப்பைக் காப்பாற்ற நினைத்தார். அதற்காக அவள் பிள்ளையை அந்த டேங்கை நம்பி விட்டார். இது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. விளங்கியபோது கோபமும் வரவில்லை. குழாயை மூடினால் தண்ணீர் நிற்கிற மாதிரி ஏதோ ஒன்று நின்றது, அவ்வளவுதான்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பானெட்டைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். முதல் இரண்டு நாள் கிண்ணம் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் அடியில் குங்குமம் சிந்தினாற்போல் கொஞ்சம். ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா கிண்ணத்தைக் கழற்றி, கழுவி, மாட்டினார். "கழுவுன மிச்சம், ஒண்ணுமில்ல" என்றார். நாலாம் நாளும் சொன்னேன். "நையி நையின்னு இன்னா பேஜாரு உன்னோட? வாய மூடு, சித்தி காதுல வுழும்" என்று அதட்டினார். ஐந்தாம் நாள் கிண்ணத்தில் கால் விரற்கடை சிவப்பு. நான் நைனாவிடம் சொல்லவில்லை. பானெட்டை மூடிவிட்டுப் பாண்டி ஆடப் போனேன். அதற்கடுத்த நாள்களில் பார்க்கவே இல்லை.

பங்குனியில் ஒரு நாள், முற்பகல். கணக்குப்படி இன்னும் இருபது நாள் இருந்தது. சித்தி புளிப் பாயிலிருந்து எழுந்தவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாள். பஸ் விடியற்காலையே போயிருந்தது. நைனா அன்று வீட்டில்தான் இருந்தார். செய்தி எப்படித்தான் வேலி தாண்டியதோ, அண்ணன் தம்பி இருவரும் இன்னும் இரண்டு ஆட்களோடு மூங்கிலும் கட்டிலுமாக வந்து நின்றார்கள்.

"டிரைவரே, தூக்கிட்டுப் போய்டலாம். குறுக்கால எறங்குனா பொழுது சாயறதுக்குள்ள கீழ" என்றார் அண்ணன்.

"காரை வெச்சுக்கினு டோலியாப்பா? போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார் நைனா.

பின் சீட்டில் சித்தி, அவள் தலையை மடியில் வைத்து அம்மா. தம்பியை அண்டை வீட்டில் விட்டார்கள். முன் சீட்டில் நான், மடியில் ஒரு மரக்கட்டை. வண்டி மேட்டில் நின்றால் குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கட்டை போடவேண்டும். மலை டிரைவர்கள் ஆள் இல்லாமல் கிளம்பமாட்டார்கள், அன்று ஆள் நான்.

ஊரைத் தாண்டி நாலைந்து மைல் வரை கார் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நீண்ட மேடு. அதன் உச்சியைத் தொட்டுவிட்டால் அப்புறம் அடிவாரம் வரை இறக்கம்தான். இன்ஜினே இல்லாவிட்டாலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உருண்டு போய்விடலாம். அந்த மேட்டின் பாதியில் கார் இருமியது. இரண்டு முறை குலுங்கியது. நின்றது. நான் குதித்துக் கட்டையைப் போட்டேன்.

நைனா பானெட்டைத் திறந்தார். நானும் பார்த்தேன். கிண்ணத்தில் பெட்ரோலே தெரியவில்லை, செம்மண் சேறு மாதிரி நிறைந்திருந்தது. கழுவி, ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, துப்பினார். உதடெல்லாம் துரு. கிளப்பினார். நூறு கஜம் போயிருக்கும். மறுபடி நின்றது. மறுபடி கட்டை. மறுபடி ஊதல். நைனாவின் கை தவறி ஜெட் மண்ணில் விழுந்தது. நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது. "மாமா, பதறாதீங்க. பொறுமையா பாருங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

மூன்றாவது முறை நின்றபோது உச்சிக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான். அப்போது பின்னால் காலடிச் சத்தம். அண்ணன், தம்பி, மற்ற இரண்டு பேர், தோளில் மூங்கில். போகச் சொன்ன பிறகும் அவர்கள் சொல்லாமலே காரின் பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள். சித்தியைக் கைத்தாங்கலாக இறக்கி, கட்டிலில் படுக்கவைத்து, தூக்கிக்கொண்டு காரைத் தாண்டிப் போனார்கள். அம்மா தலைமயிர் அவிழ்ந்து பின்னாலேயே ஓடினாள். உச்சியில் அவர்கள் தலை மறையும்வரை நைனா பார்த்தார். பிறகு கால்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டைய எடுத்துடாத" என்றார் என்னிடம்.

நான் கட்டையைப் பிடித்துக்கொண்டே டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது தானாகவே நின்றிருக்கும், பிடிக்கத் தேவையில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்தது. ஒரு லாரிகூட வரவில்லை. பொழுது சாய்ந்து மலையேறிய பஸ்ஸில் தம்பிக்காரர் மட்டும் திரும்பி வந்து இறங்கினார்.

"மச்சினிச்சி நல்லா கீது டிரைவரே. கீழ ஆஸ்பத்திரில சேத்தாச்சு." பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "பொம்பளப் புள்ள. பாதி வழியிலயே பொறந்துடுச்சு. அழுவவே இல்ல."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"கார் இன்னாத்துக்கு மாமா நின்னுச்சு?"

நைனா என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

"பம்பு. மெக்கானிக் சரியா மாட்டல" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் சத்தியமாகிவிட்டது. சித்தப்பாவுக்குப் போன கடிதத்திலும் அதுதான். அடுத்த சந்தைக்கு மெக்கானிக் தகரப் பெட்டியோடு சந்தை லாரியை விட்டு இறங்கினார். அம்மா நடுச் சந்தையில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "கொலகாரப் பாவி! உனுக்கும் புள்ள குட்டி கீதில்ல?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். கூட்டம் கூடியது. நைனா ஒரு வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தி, உடம்பு தேறாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

மெக்கானிக் நைனாவைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். வேஸ்ட் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஆமாங்கம்மா. பம்புல தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

லாரி திரும்பும்வரை நிழலில் தனியாக நின்றிருந்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் மலைக்கு வரவே இல்லை. ஜீப்புக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். செய்யாத தப்பை ஒத்துக்கொண்ட மனிதன் மேல் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. சின்னப் புத்தி. அவர் யாருக்காக ஒத்துக்கொண்டார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

நைனா காரைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாயைப் போர்த்தினார். அதற்குப் பிறகு அவர் எந்தக் காரும் ஓட்டவில்லை, லாரி மட்டும். கோழிகளையும் அதில் விடவில்லை. சித்திக்கு அப்புறம் பிள்ளை இல்லை. சித்தப்பா ஓய்வு பெற்று வந்ததும் குடித்தனம் போனாள். அவள் வீட்டுப் பித்தளைச் சாமான் எப்போதும் கறுத்துத்தான் கிடக்கும். சாம்பல்தான் போடுவாள். "புளி போட்டுத் தேச்சா கை தேஞ்சிடுமா?" என்று உறவுக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். சோம்பல் என்றுதான் நினைத்தோம்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். சித்தியும் நானும் மலைப் பஸ்ஸில் ஏறினோம். அந்த மேடு இப்போது நல்ல தார் ரோடு, பஸ் மூச்சு வாங்காமல் ஏறியது. சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தம்பி வாசலில் பாய் விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தான். டேங்க், செப்புக் குழாய், பம்பு, கார்பரேட்டர். பம்பின் கண்ணாடிக் கிண்ணம் தனியாக ஒரு துணியில். டேங்கின் அடித்தகடு பல இடங்களில் ஓட்டை, அதைப் பற்றவைக்க வேண்டுமாம். சித்திக்கு நாற்காலி போட்டான். எனக்குக் காபி கொடுத்தான். பிறகு உற்சாகமாகக் கேட்டான்.

"சித்தி, வூட்ல புதுப் புளி எக்கச்சக்கமா கீது. யூடியூப்ல பாத்தேன், புளியும் உப்பும் கரைச்சு ஊத்துனா துரு பூரா போய்டுமாம். ஊத்திப் பாக்கலாமா?"

என் கையில் காபி டம்ளர் இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி டேங்கைப் பார்த்தபடி சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"புளி ஊத்து. உப்பு போடாத. எடுத்த ஒடனே சோடா மாவு கரைச்சு ஊத்தி அலசு. ஈரம் நிக்காம அனல்ல காய வை. காஞ்ச சூட்டோட எண்ணெய சுத்தி வுடு. இல்லன்னா போன துரு பத்து மடங்கா வரும்."

அந்த வார்த்தைகளை நான் முன்பு ஒரே ஒருவர் வாயில்தான் கேட்டிருக்கிறேன். அப்போது சித்தி வீட்டுக்குள் படுத்திருந்தாள்.

"இதெல்லாம் உனுக்கு எப்டித் தெரியும்?" என்று தம்பி சிரித்தான்.

"செங்கத்து மேஸ்திரி சொன்னாரு."

"பம்ப கெடுத்தானே, அந்த ஆளா?"

"பம்ப அவரு கெடுக்கலப்பா" என்றாள் சித்தி. "ரெண்டு வருசம் கழிச்சு அவரு பட்டறைய தேடிக்கினு போனேன். வாயில வந்தபடி வையணும்னுதான் போனேன். அங்க ஒரு டேங்க்க கழுவிக்கினு இருந்தாரு. நின்னு பாத்துக்கினே இருந்தேன். எப்டி கழுவணும்னு கேட்டேன், சொன்னாரு. புளியும் உப்பும் போட்டுக் கழுவுனா இன்னா ஆவும்னு கேட்டேன். அதுக்கு அவரு பட்டறப் பையனக் கூப்ட்டு, எனக்கு ஒரு டீ வாங்கியாரச் சொன்னாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் சித்தியைக் கேட்டேன்.

"உனக்குத் தெரியும்னு நைனாவுக்குத் தெரியுமா?"

"அவருகிட்ட எதுக்குச் சொல்றது? அத்த எனுக்குத் தெரியாம காப்பாத்தறதுதான் அவருக்கு வேலையா இருந்துச்சு. இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நைனா நாற்பது வருஷம் ஒளித்துவைத்தார். அவர் போன பிறகு நான் பதினாறு வருஷம். யாரிடமிருந்து ஒளித்தோமோ அவள் எல்லாம் தெரிந்து, எங்களுக்காகத் தெரியாதவள் மாதிரி இருந்து, சாம்பல் போட்டுப் பித்தளை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைக் கேட்டால் உங்களுக்கு நெஞ்சு அடைக்கலாம். எனக்கு அடைக்கவில்லை. காபி ஆறிவிட்டது என்பதுதான் தெரிந்தது.

சித்தி தம்பியிடம் இன்னொன்றும் சொன்னாள். "மாட்டுனப்பறம் அந்தக் கிண்ணத்தத் தெனம் பாரு. செவப்பு தெரிஞ்சா ஓட்டாத."

அப்போதுதான் என் வாய் திறந்தது. ஐம்பத்தேழு வருஷத்தில் நைனாவிடம்கூட நான் சொல்லாதது.

"சித்தி, அஞ்சாம் நாளு கிண்ணத்துல செவப்பு இருந்துச்சு. நான் பாத்தேன். சொல்லல. மூடிட்டு ஆடப் போய்ட்டேன்."

சித்தி என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். தம்பி என்ன கேட்கிறாள் என்று புரியாமல் நின்றான். எனக்குப் புரிந்தது. பாயிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். முந்தானை முனையை விரலில் சுற்றி அதன் உள்பக்கத்தை மெதுவாகத் துடைத்தாள். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப சுத்தமாத்தான் கீது" என்றாள்.